அருளப்பன் கடைச் சுவர்

பழைய பித்தளைக்கு ஒரு வாசனை உண்டு. புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்த பித்தளைக்கு அல்ல, தேய்க்க ஆளில்லாமல் கோணிப்பைக்குள் கிடந்து, பச்சை பூத்து, மழையில் வியர்த்து, வெயிலில் அந்த வியர்வை காய்ந்துபோன பித்தளைக்கு. காசை நாக்கில் வைத்தால் வருகிற சுவை நாக்குக்கு வராமல் மூக்குக்கு வந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். அதோடு சீமெண்ணெயும், தையல் மெஷின் எண்ணெயும், யார் வீட்டு அலமாரிக்குள்ளோ வருஷக்கணக்கில் கரைந்த அந்துருண்டையும், எலிப் புழுக்கையும் கலந்தால் அருளப்பன் கடை. என் குழந்தைப் பருவத்தின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இந்த வாசனையில்தான் விடிந்தன. மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய வாசனை என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். நான் பொத்திக்கொள்ளவில்லை. இப்போதும் பொத்திக்கொள்வதாக இல்லை.

ஏனென்றால் எங்கள் ஊரில் மற்ற எல்லாமே புதிய வாசனை அடித்தது. திருப்பூரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் வெளுத்த நூலின் வாசனை, சலவைப் பட்டறையின் ப்ளீச்சிங் வாசனை, இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே பொசுங்கும் பனியன் துணியின் வாசனை. உலகத்துக்கே புதுசு தைத்துக் கொடுக்கிற ஊர். அந்த ஊரில், வேலம்பாளையத்தில், ஒரு லைன் வீட்டில், புதுசு என்று சொல்ல ஒரு சாமானும் இல்லாமல் நாங்கள் குடியிருந்தோம். அப்பா லாரியோடு வடக்கே போனவர், வந்தால் வந்தார். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வருகிற பனியனை விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓட்டையா, எண்ணெய்க்கறையா, தையல் விட்டிருக்கிறதா என்று கண்ணாலேயே தடவி, குறை இருக்கிற இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஒட்டித் தள்ளிவிட வேண்டும். அம்பு பட்ட பனியனுக்குக் கப்பல் ஏறும் பாக்கியம் இல்லை. அது ‘செகண்ட்ஸ்’ ஆகிவிடும். அந்த அம்புகளில் சில அம்மாவின் சேலைத் தலைப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். நான் அவற்றைப் பிய்த்து என் மூக்கில், முழங்கால் தழும்பில், ஆடுகிற பல்லுக்கு நேரே உதட்டில் ஒட்டிக்கொள்வேன். அம்மா சிரிப்பாள். “உன்னைய எந்த நாட்டுக்காரனும் எடுக்க மாட்டான் போ. நானே வெச்சுக்கறேன்.”

நாங்கள் போட்டதெல்லாம் செகண்ட்ஸ்தான். ஒரு கை நீளமும் ஒரு கை கட்டையுமாக ஒரு சட்டை, கழுத்துப் பட்டி மட்டும் வேறு நிறத்தில் இன்னொன்று. சாமான்களோ அதைவிடக் கீழ், பிறத்தியார் வீட்டில் வாழ்ந்து முடித்துவிட்டு வந்தவை. வகுப்பில் ஒருத்தி கேட்டாள், “உங்கூட்டுல புதுசுன்னு எதாச்சும் இருக்குதா?” நான் சொன்னேன், “எங்கம்மா என்னையப் புதுசாத்தான் பெத்தாங்க.” அவள் டீச்சரிடம் போய்ச் சொன்னாள். டீச்சர் எனக்குக் கொட்டு வைத்தார். எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. அம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஈரமுடியை நுனியில் முடிந்துகொண்டு, கட்டைப்பையும் என் கையுமாகப் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போவாள். கோயிலுக்கும் சினிமாவுக்கும் போகிறவர்கள் எதிரே வருவார்கள். நாங்கள் போவது எங்கே என்று கேட்டால் அம்மா ஒளிக்காமல் சொல்வாள், “அருளப்பன் கடைக்குங்க.” அந்தப் பேரைச் சொல்லும்போது சிலர் முகம் சுருங்குவதை அவள் பார்த்திருக்கிறாள். அதைப் பார்த்ததால்தான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

கடை என்றால் இரண்டு பக்கமும் ரேக்கு, நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற சந்து, அதன் முடிவில் ஒரு சுண்ணாம்புச் சுவர். ரேக்குகளில் ஓடாத கடிகாரங்கள், கைப்பிடி இல்லாத சட்டிகள், குழந்தை வளர்ந்துவிட்ட தொட்டில் கம்பிகள், தாத்தாவின் படம் உருவப்பட்ட சட்டங்கள், ஒரு காலத்தில் யாருக்கோ பரிசு கொடுத்த வெள்ளிநிறக் கோப்பைகள். அருளப்பன் உயரமான மனிதர். கண்ணாடியை நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார், மாட்டி நான் பார்த்ததில்லை. சிலுவை போட்ட ஒரு சின்னக் காலண்டரைத் தவிர அந்த முடிவுச் சுவரில் அவர் எதையும் மாட்டவில்லை. அவ்வளவு நெரிசலான கடையில் அந்தச் சுவர் மட்டும் ஏன் காலியாக இருக்கிறது என்று எனக்கு முதலில் தெரியாது.

பிறகு தெரிந்தது. வாங்க வந்தவர்கள் நாலைந்து பேர் உள்ளே குடைந்துகொண்டிருக்கும்போது, வாசலில் யாராவது பையை மார்போடு அணைத்துக்கொண்டு தயங்கி நின்றால், அருளப்பன் லேசாகக் கனைப்பார். அவ்வளவுதான். கடையில் இருக்கிற அத்தனை பேரும் கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு, திரும்பி, அந்தச் சுவரைப் பார்த்து நிற்பார்கள். விற்க வந்தவர் உள்ளே வருவார், பை அவிழும், பித்தளை மெல்ல முனகும், தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை, பிறகு செருப்புச் சத்தம் வெளியே போகும். இன்னொரு கனைப்பு. எல்லாரும் திரும்பிக்கொள்வார்கள், விட்ட இடத்திலிருந்து பேரம் தொடரும். யார் வந்தார், என்ன போட்டார் என்று ஒருவரும் கேட்டதில்லை. புதிதாக வந்த ஒருவர் தெரியாமல் திரும்பிப் பார்த்தபோது அருளப்பன் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“இந்தக் கடையில சாமானுக்குத்தானுங்க பேரு. ஆளுக்கு இல்லீங்க.”

எந்தப் பெரிய மனிதர் வீட்டிலும் இப்படி ஒரு மரியாதையை நான் பார்த்ததில்லை. சுவரைப் பார்ப்பதை அவமானம் என்று நினைப்பவர்கள் அந்தக் கடைக்குள் ஒருநாளாவது நின்றிருக்க வேண்டும். எத்தனையோ பேரின் மானம் அந்தச் சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறது.

ஆனால் நான் சின்னப்பிள்ளை. என் உயரத்துக்கு அந்தச் சந்தில் வேறொன்றும் இருந்தது. விற்பனைக்கு வந்த ஒரு மர பீரோ, அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி, பாதி ரசம் போனது. மீதிப் பாதியில் வாசல் தெரியும். ஒரு ஞாயிறு, கனைப்பு கேட்டு எல்லாரும் திரும்பியபோது, நானும் சுவரைப் பார்த்துத்தான் நின்றேன். கண் மட்டும் பக்கவாட்டில் பீரோவுக்குப் போனது. கண்ணாடியில் தெய்வாத்தாள் நின்றுகொண்டிருந்தார்.

தெய்வாத்தாள் என்றால் எங்கள் லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரரின் தாயார். தோட்டம் இருந்த காலத்திலிருந்தே அவர்கள் வீட்டுக்குப் ‘பெரிய வீடு’ என்றுதான் பேர். பிறகு மாட்டுக் கொட்டகையை இடித்து மகன் நிட்டிங் மெஷின் இறக்கினார். அந்த அம்மாளுக்குப் பல் ஒன்றுகூடக் கிடையாது, வாய் பொக்கென்று உள்ளே போயிருக்கும். வெற்றிலையை இடித்துத்தான் போடுவார், சோற்றைக் கரைத்துத்தான் குடிப்பார். கண்ணாடியில் அந்த வாயைத்தான் முதலில் பார்த்தேன். கையில் ஒரு கோணிப்பை. அதற்குள் ஏதோ உருண்டையாகக் கனத்தது. நான் சட்டென்று கண்ணை இழுத்துக்கொண்டேன். பக்கத்தில் அம்மா அசையாமல் காலண்டர்ச் சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து அதே கடையில் ரேக்கின் மேல் தட்டில் அந்தப் போசி இருந்தது. எங்கள் பக்கம் சோறு பொங்குகிற வாயகன்ற பாத்திரத்தைப் ‘போசி’ என்போம். இது பித்தளை, கனம், விளிம்பு மடித்து அடித்தது, கீழே உட்காரும் இடத்தில் ஒரு சின்னச் சொட்டை. பக்கத்தில், உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்தில், தெய்வாத்தாள். கல்யாணச் சீராகக் கொடுக்கும் பாத்திரங்களில் பெண்ணின் பேரை வெட்டிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்ணுக்கென்று பேர் எழுதின சொத்து அந்தக் காலத்தில் அது ஒன்றுதான்.

சீர் என்று ஒரு கரண்டிகூட இல்லாமல் கட்டிய சேலையோடு அப்பாவிடம் வந்தவள் என் அம்மா. அவள் அந்தப் போசியைக் கீழே இறக்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், பனியனைப் பார்ப்பது போலவே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விளிம்பில் விரலை ஓட்டினாள். கவிழ்த்துச் சுண்டிக் கேட்டாள். கண்டாமணி மாதிரி ஒரு நீண்ட சத்தம் வந்தது. நான் அம்மாவின் முகத்தையே பார்த்தேன். அதில் குறை எதுவும் அகப்படவில்லை.

பழைய பாத்திரம் வாங்குகிறவர்கள் முதலில் செய்கிற காரியம் அரம் போட்டுப் பேரை எடுத்துவிடுவது. அருளப்பனே அரம் வைத்திருந்தார். அன்று அவர் கொஞ்சம் வற்புறுத்தியும் சொன்னார்.

“இதெ நீங்க எடுக்கறதுன்னா, பேரெ எடுத்துப்போட்டு எடுங்கம்மா.”

“அரம் போட்டா அந்த எடம் எளைச்சுப்போகுமுங்க. அடுப்புல வெச்சா அங்கதான் மொதல்ல ஓட்டை உழுகும்.”

“அதுக்கில்லீங்கம்மா…”

“பேரு என்னுங்க பண்ணுது. இருந்துட்டுப் போகட்டுமுங்க.”

செக்கிங் மேஜையில் பழகின கண். நல்ல துணியை எவராவது சுரண்டுவார்களா. அந்தக் கண்தான் எங்களை மாட்டிவிட்டது.

எங்கள் லைனில் கோடி வீட்டு மரகதக்கா தன் மகனுக்குக் காதுகுத்து வைத்தார். அப்போதெல்லாம் விசேஷம் என்றால் சமையலுக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுப்பதில்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் வாங்கிச் சேர்ப்பார்கள். பெரிய வீட்டிலிருந்தும் அண்டா வந்தது, எங்கள் வீட்டிலிருந்து போசி போனது. விருந்துக்குத் தெய்வாத்தாளும் வந்தார். வாயில் வரிசையாகப் புதுப்பல். ஊரே அதைத்தான் பார்த்தது. மகள் கட்டிக் கொடுத்தாள் என்று எல்லாரிடமும் சொன்னார். சோற்றுக்கு முன்னால் ஒரு முறுக்கை வாங்கி, பந்தியே திரும்பிப் பார்க்கிற மாதிரி, நொறுக் நொறுக்கென்று கடித்தார். நானும் பார்த்தேன். பீரோக் கண்ணாடியில் பார்த்த பொக்கை வாய் நினைவுக்கு வந்தது.

விருந்து முடிந்ததும் பாத்திரங்களைக் கழுவி அடுக்கி, எது எந்த வீட்டுக்கு என்று பேரை வாசித்துப் பிரிப்பார்கள். பேர் வெட்டுவதே அதற்காகத்தான். ஷிப்மெண்ட் அவசரம் என்று அன்று மத்தியானமே அம்மாவைக் கம்பெனிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கணியூரிலிருந்து வந்திருந்த மரகதக்காவின் கொழுந்தனார்தான் பாத்திரம் பிரித்தார். வெளியூர்க்காரர். எழுத்தை நம்புகிற மனிதர். போசியைத் திருப்பினார், “தெய்வாத்தாள்” என்று வாசித்தார், பெரிய வீட்டு அண்டாக்களோடு கைவண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். எங்கள் ஊரில் இதைத் தப்பு என்று எவரும் சொல்ல முடியாது. பேர் எங்கேயோ பாத்திரம் அங்கே.

வேலை முடிந்து வந்த அம்மா விஷயத்தைக் கேட்டாள், முகம் கழுவினாள், என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே பெரிய வீட்டுக்குப் போனாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. முற்றத்தில் நூல் கோன்கள் மூட்டை மூட்டையாக. கட்டிலில் தெய்வாத்தாள் உட்கார்ந்து சீப்பால் தலையைக் கோதிக்கொண்டிருந்தார். போசி அவர் கண்ணெதிரே, கழுவின ஈரம் காயாமல், கவிழ்ந்து கிடந்தது. அவர் மருமகள், வீட்டுக்காரரின் மனைவி சிவகாமியம்மாள், அதன் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“வா. நானே கேட்டு உடோணும்னு இருந்தேன். எங்க அத்தை போசி உங்கூட்டுக்கு எப்படி வந்துச்சு?”

“கடையில வாங்குனனுங்க.”

“பேரு இருக்குதில்ல?”

“பேரு அவுங்களுதுதானுங்க. போசி என்னுதுங்க.”

“நல்லா இருக்குது கதை. எங்கூட்டுச் சாமான் பழைய சாமான் கடைக்குப் போற அளவுக்கு எங்களுக்கு என்ன கஞ்சிக்கா இல்லாமப் போச்சு?”

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் மெஷின் ஷெட்டிலிருந்து வந்தார். தலையெல்லாம் பஞ்சு. அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “மேல அட்டாலில கெடந்த சாமான் தானா நடந்து போகாது. எடுத்தவங்க யாரோ, வித்தவங்க யாரோ. ஆருகிட்ட வாங்குனேன்னு கடைக்காரனக் கேட்டாச் சொல்லிப்போடறான்.”

“அவுரு சொல்ல மாட்டாருங்க.”

“அப்ப நீ சொல்லு. சொல்ல முடியலீன்னா ஊட்டைக் காலி பண்ணிக்க. திருட்டுச் சாமான் வெச்சிருக்கறவங்களுக்கு என்ர லைன்ல எடமில்லை.”

சொல்லிவிட்டார். லைன் வீடு போனால் கம்பெனிக்கு நடந்து போகிற தூரத்தில் எங்களுக்கு வேறு கூரை கிடையாது, ‘திருடி’ என்ற பேரோடு போனால் எந்த லைனிலும் கிடைக்காது. எனக்கு அது புரிகிற வயதுதான். ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் நேராக்கிவிடலாம். அந்த வார்த்தை என் தொண்டையில் இருந்தது. நான் தெய்வாத்தாளைப் பார்த்தேன். சீப்பு பாதி முடியில் நின்றிருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

அம்மாவின் விரல்கள் என் கையை நெரித்தன. குனியாமல், என்னைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள்.

“செவுத்தப் பாரு கண்ணு.”

அவளும் பார்த்திருக்கிறாள். கடையில் அன்றைக்கே. சிலுவைக் காலண்டரைப் பார்த்தபடியே எப்படிப் பார்த்தாள், காதால் பார்த்தாளோ, எனக்குத் தெரியாது. பார்த்துவிட்டு, அதைச் சொல்லப்போவதில்லை என்று முடிவும் செய்திருக்கிறாள். நான் திரும்பினேன். பெரிய வீட்டுச் சுவர், புதிதாகப் பச்சை டிஸ்டெம்பர் அடித்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. “நான் வாங்குனதுங்க. யாரு வித்தாங்கன்னு சொல்ல மாட்டனுங்க. போசி இல்லாமப் போகவும் மாட்டனுங்க.”

அந்த முற்றத்தில் ‘சுவரைப் பார்’ என்பதற்கு அர்த்தம் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். அம்மா, நான், பிறகு கட்டிலில் இருந்தவர். கட்டில் கயிறு கிரீச்சிட்டது.

“டேய். நாந்தான்டா கடையில போட்டேன்.”

வீட்டுக்காரரின் செருப்பு கட்டில் பக்கம் திரும்புகிற சத்தம் கேட்டது.

“என்ன அப்பிடிப் பாக்கறே? அது உன்ர அப்பன் ஊட்டுச் சாமானா? என்ர அப்பன் எனக்குப் பேரு வெட்டிக் குடுத்தது. பல்லுக் கட்டோணும்டா சாமின்னு உங்கிட்ட எத்தனை தடவை சொன்னேன். அடுத்த ஷிப்மெண்ட்டு, அடுத்த ஷிப்மெண்ட்டுன்னே. உன்ர கப்பல் போயிட்டு வர்றதுக்குள்ள நான் போயிருவேன் போல இருந்துச்சு.”

சிவகாமியம்மாளுக்கு வேறொன்றுதான் தைத்தது. “அப்ப உங்க மவ கட்டி உட்டான்னு சொன்னீங்க?”

“அப்பிடிச் சொன்னாத்தானே உனக்கு வவுறு எரியும்.”

சொல்லிவிட்டுத் தெய்வாத்தாள் சிரித்தார். நான் சுவரை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். புதுப்பற்கள் முழுவதும் தெரிய, வெட்கம் துளியும் இல்லாமல், ஒரு பித்தளைப் போசி முழுவதையும் வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அவ்வளவு விலையுயர்ந்த சிரிப்பை நான் பிறகு பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் தலையிலிருந்த பஞ்சைத் தட்டினார். இறங்கி வந்தும் இறங்காமல் அம்மாவிடம் சொன்னார், “செரி. ஆனது ஆச்சு. எங்கம்மா சீரு வெளிய இருக்க வேண்டாம். நீ பாத்திரக் கடையில புதுசா எவர்சில்வர் போசி ஒண்ணு எடுத்துக்க. நாஞ்சொன்னேன்னு சொல்லு.”

புதுசு. எங்கள் வீட்டுக்கு முதல்முறையாகப் புதுசு. நான் அம்மாவைப் பார்த்தேன்.

“வேண்டாமுங்க. எனக்கு இதுதான் வேணுமுங்க.”

“உனக்கு லைன்ல இருக்கோணுமா வேண்டாமா?”

“இருக்கறனுங்க. போசியோட இருக்கறனுங்க.”

“குடுத்து உடுடா,” என்றார் தெய்வாத்தாள், சீப்பை மறுபடி ஓட்டிக்கொண்டே. “வித்ததுக்கு அப்புறம் என்ன சீரு. ஏனம்மிணி, அதுல சோறு பொங்குனா அடி புடிக்குமே, பாத்துக்க.”

“ஈயம் பூசிட்டனுங்காத்தா.”

அம்மா போசியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவழியே நடந்து வந்தாள். குறுக்குச் சந்து ஒன்று இருந்தது, அதில் வரவில்லை. ஊரே பார்க்கிற வழியில், போசியின் பேர் வெட்டின பக்கம் வெளியே தெரிய, வந்தாள்.

இனி இப்படி ஆகாமலிருக்க அந்தப் பேரை எடுத்துத் தொலை என்று லைன் முழுவதும் சொன்னது. அடுத்த ஞாயிறு அம்மா பஜாரில் பேர் வெட்டுகிறவரிடம் போனாள். அவர் அரத்தை எடுத்தார். “அரம் வேண்டாமுங்க, உளி எடுங்க,” என்றாள். தெய்வாத்தாளுக்குக் கீழே அதே அளவு எழுத்தில் தன் பேரை வெட்டச் சொன்னாள். ருக்குமணி. அந்த மனிதர் சந்தேகத்தோடு மாமியாரா என்று கேட்டார். “இல்லீங்க,” என்றாள் அம்மா. அதன்பிறகு எந்த விசேஷத்துக்கு அந்தப் போசி போனாலும், பாத்திரம் பிரிக்கிறவர்கள் குழம்பி, அதை நடுவில் தனியாக வைத்துவிடுவார்கள். அம்மா போய் எடுத்துக்கொண்டு வருவாள். தெய்வாத்தாள் எதிரே வந்தால் “என்னம்மிணி, நம்ம போசி சவுக்கியமா?” என்று கேட்பார். வீட்டுக்காரர் மட்டும் கடைசிவரை அந்தப் போசியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரும் ஒருவகையில் சுவரைப் பார்க்கக் கற்றுக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அம்மா போய்விட்டாள். போசி என்னிடம் இருக்கிறது. அருளப்பன் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அந்தச் சுவரை இடித்துப் பக்கத்துக் கடையோடு சேர்த்துவிட்டார்கள். விசேஷங்களுக்குச் சமையல்காரர்களே வேனில் பாத்திரம் கொண்டுவருகிறார்கள். அடுத்த வீட்டுப் பேரை எவரும் வாசிக்க வேண்டியதில்லை. லைன் வீடுகள் இருக்கின்றன, அவற்றில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களும் செகண்ட்ஸ் கடையில் ஒரு கை நீளமான சட்டையைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள்.

நானும் ஞாயிற்றுக்கிழமைகளை விடவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே பழைய சாமான் கடை எங்கே என்று விசாரிக்கிற பழக்கம் எனக்கு நோய் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடுமலைப்பேட்டைக்குப் போகிற சாலையில் இப்போது ஒரு கடை வந்திருக்கிறது. அதைப் பழைய சாமான் கடை என்று சொன்னால் அவர்களுக்குப் பிடிக்காது. ‘ஆன்டிக்’. கண்ணாடிக் கதவு, ஏசி, சந்தன ஊதுபத்தி. பித்தளை வாசனை ஒரு பொட்டு இல்லை. அண்டாவில் தண்ணீர் ஊற்றி ரோஜா இதழ் மிதக்கவிட்டிருக்கிறார்கள். குத்துப்போணி என்கிற பித்தளைப் பாத்திரம் ஒன்று மின்விளக்காகித் தொங்குகிறது. ஒரு காலத்தில் எங்களைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டவர்களின் பிள்ளைகள் காரில் வந்து, யாரோ ஒருவர் வீட்டுப் பழையதைத் தங்கள் பங்களா வரவேற்பறைக்கு வாங்கிப்போகிறார்கள். வாங்கட்டும். எனக்கு அதில் கோபமில்லை. பின்கட்டில் நிற்காமல் ஓடுகிற பாலிஷ் சக்கரத்தின் மேல்தான் கோபம். வந்த பாத்திரத்தையெல்லாம் அதில் கொடுத்து, பேரை வழித்து எடுத்துவிட்டுத்தான் முன்னால் வைக்கிறார்கள். நான் கடைக்காரரிடம் கேட்டேன். நல்ல மாதிரியான இளைஞர், மேடம் மேடம் என்று கூப்பிடுகிறவர்.

“வேற ஒருத்தர் பேர் இருந்தா கஸ்டமர்ஸ் எடுக்க மாட்டாங்க மேடம். அன்ஈஸியா ஃபீல் பண்றாங்க.”

“நான் எடுக்கறனுங்க. பேரோட குடுங்க.”

சிரித்தார். அதன்பிறகு, சக்கரத்துக்குப் போகுமுன் எனக்கென்று இரண்டொன்றை ஒதுக்கி வைக்கிறார். என் அலமாரியில் இப்போது காளியம்மாளும் ஆரோக்கியமேரியும் ஃபாத்திமாவும் அருக்காணியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். எவர் பேரையும் நான் அழிக்கவில்லை.

போன ஞாயிறு அங்கே ஒரு கூடைத் தவலைகளைத் திருப்பித் திருப்பிப் பேர் படித்துக்கொண்டிருந்தேன். கார்க்காரர்கள் சிலர் விளக்குகளைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். ஞாயிறும் ஷிப்ட் போட்டிருப்பார்கள் போல, கம்பெனிச் சீருடை மேல்சட்டை, அதன் முன்கையில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஒட்டிக்கொண்டிருந்தது, அவளுக்குத் தெரியாமல். மார்போடு அணைத்த பையில் ஏதோ உருண்டையாகக் கனத்தது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். போட்டோ எடுத்தவர்களும் போனைத் தாழ்த்திக்கொண்டு பார்த்தார்கள். “எடுத்து வைங்க, என்ன ஐட்டம்?” என்று கடைக்காரர் கடைக்கே கேட்கிற குரலில் கேட்டார். அவள் பையை அவிழ்க்காமல் நின்றாள்.

நான் கனைத்தேன். கொஞ்சம் பலமாகவே கனைத்தேன். கையிலிருந்த தவலையைக் கீழே வைத்துவிட்டு, திரும்பி, சுவரைப் பார்த்து நின்றேன். அந்தச் சுவரில் ஏசி மட்டும்தான் இருந்தது.

“மேடம், என்ன பாக்கறீங்க? அது சேல்ஸுக்கு இல்ல.”

“பாத்துட்டிருக்கறனுங்க.”

“மேடம்?”

“அவுங்க வேலைய முடிச்சுக் குடுங்க தம்பி. அதுவரைக்கும் பாக்கறேன்.”

யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். சிரிப்பு தானாக அடங்கியது. என் பின்னால் வேறு யாராவது திரும்பினார்களா என்று நான் பார்க்கவில்லை, பார்த்தால் சட்டம் கெட்டுவிடும். பையின் முடிச்சு அவிழ்கிற சத்தம் கேட்டது. பித்தளை மேஜையில் உட்காரும்போது மெல்ல முனகியது. கடைக்காரரின் குரல் இறங்கியது, அவள் குரல் அதைவிடக் கீழே. ஏசிக்காற்று நேரே முகத்தில் அடித்து எனக்குத் தும்மல் வந்தது. அவளுடைய செருப்புச் சத்தம் கதவைத் தாண்டி வெயிலுக்குள் போகும்வரை நான் திரும்பவில்லை.